கத்திக்கும் கைவிடலுக்கும் நடுவில்

சிறுநீரில் ரத்தம் கண்டால், வலி இல்லாதவரை, நம் வீட்டுப் பெரியவர்கள் அதை நோய்க் கணக்கில் சேர்ப்பதில்லை. "உடம்பு சூடு, இளநீர் குடித்தால் சரியாகிவிடும்" என்பார்கள். சொன்னபடியே இரண்டு நாளில் ரத்தம் நின்றும்விடும். இளநீருக்குப் பெருமை சேரும். சில மாதம் கழித்து மறுபடி வரும்போது ரத்தக் கட்டிகளோடு வரும், சிறுநீர் அடைக்கும், அப்போதுதான் மருத்துவமனை. சிறுநீர்ப் பாதை வழியே கேமரா வைத்த குழாயை உள்ளே அனுப்பிப் பார்ப்பார்கள். சிறுநீர்ப்பையில் பூக்கோசுபோல ஒரு கட்டி தெரியும். அதைச் சுரண்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். ஒரு வாரத்தில் முடிவு வரும்: புற்றுநோய், தசைக்குள் ஊடுருவியிருக்கிறது.

நோயாளிக்கு 80 வயது என்று வைத்துக்கொள்வோம். இனி அந்த வீட்டில் இரண்டு குரல்கள் கேட்கும். சிறுநீர்ப்பையையே எடுத்துவிட வேண்டும் என்பது ஒன்று. இந்த வயதில் அவரைப் போட்டு அறுக்க வேண்டாம், இருக்கிறவரை இருக்கட்டும் என்பது இன்னொன்று. முதல் குரலில் துணிவும் இரண்டாவதில் அன்பும் இருப்பதாகத் தோன்றும். ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவில், பையை உடலிலேயே வைத்துக்கொண்டு நோயைக் குணப்படுத்த முயலும் ஒரு சிகிச்சை பல பத்தாண்டுகளாக இருக்கிறது. முதியவர்களுக்கு மிகவும் பொருந்தக்கூடிய அந்த வழி அவர்களிடம் பேசப்படாமலே போவதுதான் அதிகம்.

தசை என்னும் எல்லை

சிறுநீர்ப்பையின் உட்பக்கத்தில் சில அடுக்குச் செல்களே உள்ள மெல்லிய படலம் இருக்கிறது. சிறுநீரில் கரைந்திருக்கும் கழிவுகள் ரத்தத்துக்குத் திரும்பிவிடாமல் தடுக்கும் காப்பு அது. அடியில் ரத்தக் குழாய்கள் ஓடும் இணைப்புத் திசு, அதற்கும் வெளியே தடித்த தசை, கடைசியாகக் கொழுப்பு. உள்ளே அரை லிட்டர்வரை சேர்ந்தாலும் அழுத்தம் அதிகம் ஏறாதபடி விரிந்து கொடுப்பதும், நேரம் வந்ததும் சுருங்கி வெளியேற்றுவதும் இந்தத் தசையின் வேலை.

புற்று பெரும்பாலும் உட்படலத்தில்தான் தொடங்குகிறது. பாதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு அது தசையைத் தொடும் முன்பே கண்டுபிடிக்கப்படுகிறது. சுரண்டி எடுத்து, பைக்குள்ளேயே மருந்து செலுத்தினால் பலருக்கு அடங்கிவிடும். மீதிக் கால்வாசிப் பேருக்கு நிலைமை வேறு. தசையில் நிணநீர்க் குழாய்களும் ரத்தக் குழாய்களும் நிறைய. அங்கே கால் வைத்த செல்லுக்கு நுரையீரலுக்கும் எலும்புக்கும் ஈரலுக்கும் போக வழி திறந்திருக்கிறது. வைத்தியம் எதுவும் செய்யாமல் விட்டால் பெரும்பாலோர் இரண்டு மூன்று ஆண்டுகளைத் தாண்டுவதில்லை. அந்தக் காலமும் அமைதியாகக் கழியாது. ஓயாத ரத்தக் கசிவு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கழிப்பறை, இடுப்பு வலி, சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய் அடைபட்டுச் சிறுநீரகமே பழுதாவது என்று நீளும். "இருக்கிறவரை இருக்கட்டும்" என்ற முடிவை எடுக்கும் குடும்பங்களுக்கு இதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை.

இது முதுமையின் நோய். அமெரிக்காவில் இந்நோய் கண்டுபிடிக்கப்படும்போது நோயாளிகளில் பாதிப் பேருக்கு 73 வயது கடந்திருக்கிறது. ஆண்களுக்கு மூன்று நான்கு மடங்கு அதிகம். முதற்காரணம் புகையிலை. புகையில் உள்ள அரோமேட்டிக் அமீன்களைச் சிறுநீரகம் வடிகட்டிப் பைக்கு அனுப்ப, அவை மணிக்கணக்கில் அந்தப் படலத்தோடு உறவாடிக்கொண்டிருக்கும். இந்த ரசாயனங்களுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை முதலில் சுட்டிக்காட்டியவர் ஜெர்மன் அறுவை மருத்துவர் லுட்விக் ரேன். இவை புழங்கிய, ஃபிராங்க்ஃபர்ட் அருகே இருந்த சாயத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களிடம் இந்தப் புற்று வருவதை அவர் 1895இல் பதிவு செய்தார். செல்லில் விழுந்த காயம் கட்டியாக வளர 20, 30 ஆண்டுகள்கூட ஆகும். இளமையில் பிடித்த பீடிக்கு முதுமையில் கணக்குத் தீர்க்க வேண்டியிருப்பது அதனால்தான்.

எடுத்துவிடுவது

1887இல் ஜெர்மனியின் கோல்ன் நகரில் பெர்ன்ஹார்ட் பார்டன்ஹாயர் முதன்முதலாக ஒருவரின் சிறுநீர்ப்பையை முழுவதுமாக அகற்றினார். நோயாளி இரண்டு வாரத்தில் இறந்துபோனார். பையை எடுத்துவிடலாம், சிறுநீரை எங்கே அனுப்புவது என்ற கேள்விக்கு அன்று பதில் இல்லை. வேலை செய்யக்கூடிய பதிலை 1950இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் யூஜின் பிரிக்கர் கொடுத்தார். சிறுகுடலில் ஒரு சாண் அளவு வெட்டியெடுத்து, அதன் ஒரு முனையில் சிறுநீரகக் குழாய்களை இணைத்து, மறுமுனையை வயிற்றுத் தோலில் திறந்துவிடுவது அவர் முறை. வெளியே ஒட்டிய பையில் சிறுநீர் சேரும். இன்றும் உலகெங்கும் பரவலாகச் செய்யப்படுவது இதுதான்.

இதோடு ஆண்களுக்குப் புராஸ்டேட்டும் விந்துப் பைகளும், பெண்களுக்குப் பெரும்பாலும் கருப்பையும் யோனியின் முன்சுவரும் போகும். இடுப்பு நிணநீர்க் கணுக்களையும் எடுப்பார்கள். பல மணி நேர அறுவை. கைதேர்ந்த மையங்களிலேயே சிக்கல்கள் சாதாரணம். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனை, தன்னிடம் இந்த அறுவை செய்துகொண்ட 1,142 பேரின் கணக்கை 2009இல் வெளியிட்டது. 90 நாட்களுக்குள் 64 சதவீதம் பேருக்கு ஏதேனும் ஒரு சிக்கல் வந்திருந்தது. பெரும்பாலானவை சமாளிக்கக்கூடியவை. இறந்தவர்கள் 3 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் வயது கூடக்கூட இந்தக் கடைசி எண் ஏறுகிறது. 80 கடந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் மூன்று மாதத்துக்குள் இறப்பதாகப் பெரிய மக்கள்தொகை ஆய்வுகள் காட்டுகின்றன. பிழைத்தவர்களிலும் சிலர் படுக்கையிலிருந்து பழைய நடைக்குத் திரும்புவதில்லை.

இந்தப் பயத்தால் நடப்பது என்ன? அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய்த் தரவுத் தொகுப்பில் 2004 முதல் 2008 வரையிலான பதிவுகளை ஆராய்ந்தபோது, தசை ஊடுருவிய நோயாளிகளில் பாதிப் பேருக்கு மட்டுமே குணப்படுத்தும் நோக்கிலான சிகிச்சை கிடைத்திருந்தது. வயது ஏற ஏற அந்தப் பங்கு சரிந்தது. மருத்துவ வசதிக்குக் குறைவில்லாத நாட்டின் கதை இது.

மூன்றும் சேர்ந்தால்

பையைக் காக்கும் சிகிச்சையில் மூன்று பகுதிகள். முதலில் சிறுநீர்ப் பாதை வழியாக உள்ளே போய், மின்சாரம் பாயும் கம்பி வளையத்தால் கண்ணுக்குத் தெரியும் கட்டி முழுவதையும் சுரண்டி எடுப்பது. வெளியே ஒரு தையல்கூட இராது. அடுத்தது கதிர்வீச்சு. நம் ஊர் நோயாளிகள் "கரண்ட் வைப்பது" என்று சொல்வது இதைத்தான். மூன்றாவது, கதிர்வீச்சு நடக்கும் நாட்களிலேயே சிறிய அளவில் கொடுக்கப்படும் கீமோ மருந்து.

கதிர்வீச்சு செல்லின் டிஎன்ஏவை உடைக்கிறது. நல்ல செல்கள் உடைசலைச் சரிசெய்துகொள்ள ஒருநாள் அவகாசம் போதும். புற்றுச் செல்களுக்கு அந்தத் திறமை குறைவு. மொத்தக் கதிரையும் ஒரே நாளில் கொடுக்காமல் தவணை தவணையாகப் பிரிப்பதற்குக் காரணம் இந்த வேறுபாடு. இதில் ஒரு தடை உண்டு. ரத்த ஓட்டம் எட்டாத கட்டியின் நடுப்பகுதியில் ஆக்சிஜன் குறைவாக இருக்கும். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் கதிர் உடைத்த டிஎன்ஏ மறுபடி ஒட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். கீமோ இங்கேதான் கைகொடுக்கிறது. ஃபுளோரோயூராசில் டிஎன்ஏவைப் பழுதுபார்க்கத் தேவையான மூலப்பொருளைத் தடுத்துவிடும். மைட்டோமைசின் ஆக்சிஜன் குறைந்த செல்களையே குறிவைத்துத் தாக்கும்.

இந்தக் கூட்டணியை ஒரு முறைமையாக வளர்த்ததில் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக்கு முக்கியப் பங்கு உண்டு. வில்லியம் ஷிப்லியும் அவருடைய குழுவினரும் 1980களில் அங்கே வகுத்த திட்டத்தில் ஒரு நிறுத்தம் இருந்தது. கதிர்வீச்சை 40 கிரே (கதிரை அளக்கும் அலகு) அளவில் நிறுத்திவிட்டுப் பைக்குள் மறுபடி பார்ப்பார்கள். கட்டி மறைந்திருந்தால் மீதிக் கதிரைத் தொடர்வார்கள், மறையாவிட்டால் அறுவைக்கு அனுப்பிவிடுவார்கள். 1986க்கும் 2013க்கும் இடையே அங்கே சிகிச்சை பெற்ற 475 பேரில், ஐந்தாண்டுகளுக்குப் பிறகு 57 சதவீதம் பேர் உயிரோடு இருந்தனர். பெரும்பாலோர் சொந்தப் பையோடு.

முதியவர்களைப் பொறுத்தவரை இதைவிட முக்கியமானது பிரிட்டனில் நடந்த பிசி2001 என்ற ஆய்வு. நிக்கலஸ் ஜேம்ஸ் தலைமையில் 45 மையங்களில் 360 பேர் சேர்க்கப்பட்டனர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் 70 வயதைத் தாண்டியவர்கள். ஒரு குழுவுக்குக் கதிர்வீச்சு மட்டும், மறுகுழுவுக்கு அதோடு ஃபுளோரோயூராசிலும் மைட்டோமைசினும். 2012இல் வெளியான முடிவின்படி, இரண்டு ஆண்டுகள் கழித்துப் பையிலும் இடுப்பிலும் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் கதிர் மட்டும் பெற்றவர்களில் 54 சதவீதம், மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் 67 சதவீதம்.

இந்த மருந்துத் தேர்வில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சிறுநீர்ப்பைப் புற்றுக்கு வழக்கமான வலுவான மருந்து சிஸ்பிளாட்டின். அதற்குச் சிறுநீரகம் நன்றாக வேலை செய்ய வேண்டும். நிமிடத்துக்கு 60 மில்லி வடிகட்டும் திறன் இருந்தால்தான் மருத்துவர்கள் துணிந்து கொடுப்பார்கள். நாற்பது வயதுக்குப் பிறகு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லி வீதம் அந்தத் திறன் தேயும். கூடவே சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் இருந்தால், 80 வயதில் பலருக்கு அந்த அளவு எஞ்சியிருக்காது. பிசி2001இல் நிமிடத்துக்கு 25 மில்லிக்கு மேல் இருந்தால் போதும் என்று வைத்துக்கொண்டார்கள். சிஸ்பிளாட்டின் தாங்காதவர்களுக்கும் குணப்படுத்தும் சிகிச்சை உண்டு என்பது அதனால் உறுதியானது.

கீமோவே வேண்டாம் என்னும் நிலையில் இருப்பவர்களுக்கும் பிரிட்டனில் ஒரு வழி தேடினார்கள். பீட்டர் ஹாஸ்கின் குழு நடத்திய பிகான் ஆய்வில், கதிர்வீச்சு நேரத்தில் 98 சதவீத ஆக்சிஜனும் 2 சதவீத கரியமில வாயுவும் கலந்த காற்றைச் சுவாசிக்க வைத்தார்கள். வைட்டமின் பி3 வகையைச் சேர்ந்த நிகோட்டினமைடை மாத்திரையாகக் கொடுத்தார்கள். இரண்டுக்கும் நோக்கம் ஒன்றே, கட்டிக்குள் ஆக்சிஜனைக் கூட்டுவது. மூன்றாண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் கதிர் மட்டும் பெற்றவர்களில் 46 சதவீதம், காற்றும் மாத்திரையும் சேர்த்துப் பெற்றவர்களில் 59 சதவீதம்.

எது மேல்?

அறுவையா, பைகாக்கும் சிகிச்சையா, எது மேல் என்று யாரும் கேட்பார்கள். நேரடிப் பதில் சொல்லும் ஆய்வு இல்லை. பிரிட்டனில் ஸ்பேர் என்ற பெயரில் ஒன்றைத் தொடங்கினார்கள். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்க வேண்டும். 45 பேர்தான் சேர்ந்தார்கள், 2010இல் மூடிவிட்டார்கள். தன் சிறுநீர்ப்பை இருக்குமா போகுமா என்பதைக் குலுக்கலிடம் விட எத்தனை பேர் சம்மதிப்பார்கள்? மருத்துவர்களுக்கும் மனத்துக்குள் ஒரு சாய்வு இருந்தது.

அதனால் நெடுங்காலம் ஒரு கோணலான ஒப்பீடே நிலவியது. திடகாத்திரமானவர்கள் அறுவைக்குப் போனார்கள். இதயம் பலவீனமானவர்களும் மிக முதியவர்களும் கதிர்வீச்சுக்கு அனுப்பப்பட்டார்கள். பிறகு இரு தரப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அறுவை செய்தவர்கள் அதிக நாள் வாழ்கிறார்கள் என்றார்கள். ஓட்டப் பந்தயத்துக்கு முன்பே நொண்டிகளை ஒரு பக்கம் சேர்த்துவிட்டு ஓட்டத்தைப் பற்றித் தீர்ப்புச் சொன்ன கதை.

இதைச் சரிசெய்ய முயன்ற ஆய்வு 2023இல் லான்செட் ஆன்காலஜி இதழில் வந்தது. டொராண்டோவின் அலெக்சாண்டர் ஸ்லாட்டாவும் சக ஆய்வாளர்களும், அமெரிக்கா, கனடா நாடுகளின் மூன்று பெரிய மையங்களில் சிகிச்சை பெற்ற 722 பேரை எடுத்துக்கொண்டார்கள். இரண்டில் எதற்கும் தகுதியானவர்களை மட்டும் சேர்த்து, வயது, நோயின் அளவு போன்றவற்றைப் புள்ளியியல் முறையில் சமன்செய்து ஒப்பிட்டார்கள். ஐந்தாண்டுகள் கழித்து நோய் உடலின் பிற பகுதிக்குப் பரவாமல் இருந்தவர்கள் இரு பக்கமும் ஏறத்தாழ 75 சதவீதம். பைகாத்தவர்களில் பின்னாளில் அறுவை தேவைப்பட்டவர்கள் 13 சதவீதம். குலுக்கல் ஆய்வுக்கு இது ஈடாகாது. ஆனாலும் பைகாக்கும் சிகிச்சை அறுவைக்கு லாயக்கில்லாதவர்களுக்குத் தரும் ஆறுதல் பரிசு என்ற பழைய எண்ணம் இனி நிற்காது. சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2015 முதலே, தகுதியுள்ளவர்களிடம் இரண்டையும் சொல்லித் தேர்ந்தெடுக்க விட வேண்டும் என்று வழிகாட்டுகிறது.

யாருக்குப் பொருந்தும்?

எல்லாருக்கும் அல்ல. நல்ல பலன் கிடைப்பது ஒற்றைக் கட்டி, முழுவதும் சுரண்டி எடுக்கக்கூடியது, சிறுநீரகக் குழாயை அடைக்காதது, உட்படலத்தில் பரவலாகத் தட்டைப் புற்று இல்லாதது என்ற நிலையில்தான். பை ஏற்கெனவே சுருங்கி, சிறுநீரை அடக்கவே முடியாதவருக்கு அதைக் காப்பதில் பொருளில்லை. முன்பே இடுப்பில் கதிர் வாங்கியவர்களுக்கும் குடலில் நாள்பட்ட அழற்சி உள்ளவர்களுக்கும் இது ஒத்துவராது. அவர்கள் உடல் தாங்குமென்றால் அறுவையே சரி. திடமான 80 வயதுக்காரர் ஒருவர் தேர்ந்த மையத்தில் அறுவை செய்துகொண்டு நலமாக வீடு திரும்புவதும் நடக்கிறது.

தீர்மானிக்க வேண்டியது பிறந்த தேதி அல்ல. முதியோர் புற்றுநோய் மருத்துவர்கள் வேறு அளவுகோல்களை வைத்திருக்கிறார்கள். நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி? கடந்த மூன்று மாதத்தில் எடை குறைந்ததா? தினம் எத்தனை மாத்திரை? குளிக்க, உடுத்த, பணத்தைக் கணக்குப் பார்க்க இன்னொருவர் வேண்டுமா? நினைவு தெளிவா? வீட்டில் பார்த்துக்கொள்ள யார்? பத்து நிமிடம் எடுத்துக் கேட்கும் இந்தக் கேள்விகள், சிகிச்சையை ஒருவர் தாங்குவாரா என்பதை ஆதார் அட்டையில் உள்ள வயதைவிட நன்றாகச் சொல்லும்.

அசையும் பை, குறையும் தவணை

கதிர்வீச்சு மருத்துவருக்குச் சிறுநீர்ப்பை ஒரு தொல்லை பிடித்த உறுப்பு. நேற்று இருந்த அளவில் இன்று இருக்காது. சிறுநீர் சேர்ந்தால் மேலே எழும், மலக்குடலில் வாயு இருந்தால் முன்னே தள்ளப்படும். பழைய முறையில் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் கதிர் தவறக்கூடாது என்று சுற்றிலும் அகலமாக ஓரம் விட்டுக் கொடுத்தார்கள். அந்த ஓரத்தில் சிக்கியது குடல். முதியவர்களைச் சிகிச்சையின் நடுவில் சாய்த்தது பெரும்பாலும் அதனால் வந்த பேதிதான். இப்போது சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று திட்டங்களை முன்கூட்டியே போட்டு வைத்துவிடுகிறார்கள். தினமும் படுக்கையில் கிடத்தியதும் கருவியிலேயே ஒரு ஸ்கேன் எடுத்து, அன்றைய பைக்குப் பொருந்தும் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனையும் இந்த முறையில் நோயாளிகளுக்குச் சிகிச்சை தந்து முடிவுகளை வெளியிட்டிருக்கிறது.

தவணைகளின் எண்ணிக்கையும் குறைந்திருக்கிறது. நாளுக்கு 2 கிரே வீதம் 32 தவணை கொடுப்பது ஒரு வழக்கம், 2.75 கிரே வீதம் 20 தவணையில் முடிப்பது இன்னொன்று. பிசி2001, பிகான் இரண்டிலும் பங்கேற்ற 782 பேரின் விவரங்களை ஒன்றுசேர்த்து 2021இல் ஆராய்ந்தபோது, 20 தவணை எந்த வகையிலும் சளைத்ததல்ல என்று தெரிந்தது. ஆறரை வாரம் நான்கு வாரமானது.

அதுவும் முடியாதவர்களுக்காக ராபர்ட் ஹடார்ட் குழு நடத்தியது ஹைப்ரிட் ஆய்வு. வாரம் ஒருமுறை 6 கிரே, ஆறே தவணை. 65 பேர் சேர்ந்த அந்த ஆய்வில் பாதிப் பேர் 85 வயதைக் கடந்தவர்கள். மூன்று மாதம் கழித்து, சோதித்துப் பார்க்க முடிந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நால்வருக்கு நோய் பைக்குள் அடங்கியிருந்தது. முழுக் குணம் என்று இதைச் சொல்லக் கூடாது. ரத்தமும் அடைப்பும் இல்லாமல் எஞ்சிய காலத்தைக் கழிக்க இது வழி செய்கிறது. ஒன்றும் செய்யாமல் விடுவதற்கு அப்பால், உடல் தளர்ந்தவருக்கும் ஏதோ ஒன்று உண்டு என்பதே இதன் செய்தி.

கொடுக்க வேண்டிய விலை

காத்துக்கொண்ட பையைக் காவல் காக்கவும் வேண்டும். முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு இடைவெளி கூட்டி, வாழ்நாள் முழுவதும் உள்ளே கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். கால்வாசிப் பேருக்கு மேலோட்டமான புதுக்கட்டி வரலாம். அதைச் சுரண்டி, பிசிஜி மருந்தைப் பைக்குள் செலுத்திச் சமாளிப்பார்கள். தசையில் திரும்பினால் அறுவைதான். கதிர் பட்ட இடத்தில் அந்த அறுவை முன்பைவிடக் கடினம்.

சிகிச்சை நடக்கும்போது எரிச்சலும் அடிக்கடி சிறுநீர் வருவதும் பேதியும் களைப்பும் இருக்கும். பிசி2001இல் வாழ்க்கைத் தரத்தைக் கேட்டுப் பதிவு செய்தபோது, கதிர் முடிகிற நேரத்தில் அது சரிந்து, ஆறு மாதத்தில் பழைய நிலைக்கு மீண்டிருந்தது. அமெரிக்காவில் நான்கு ஆய்வுகளில் நீண்டகாலம் பிழைத்த 157 பேரைத் தொடர்ந்து கவனித்ததில், கடுமையான பின்விளைவு வந்தவர்கள் 7 சதவீதம். பின்விளைவுக்காக மட்டும் பையை எடுக்க வேண்டிய நிலை ஒருவருக்கும் வரவில்லை.

இத்தனைக்குப் பிறகும் சிகிச்சை நடப்பதும் நடக்காததும் சில நேரம் மருத்துவத்துக்கு வெளியே தீர்மானமாகிறது. கதிர்வீச்சுக் கருவி இருக்கும் ஊர் எவ்வளவு தூரம், நான்கு வாரம் தங்க இடம் உண்டா, தினமும் கூட வர யார் இருக்கிறார்கள் என்பவற்றைக் கேட்காமல் எழுதும் சிகிச்சைச் சீட்டு பாதியில் நின்றுபோகும். மூன்று மாதச் சோதனைகளுக்கு வர வழியில்லாதவருக்குப் பையைக் காத்துக் கொடுப்பது ஆபத்தாகவும் முடியலாம். ஆகவே, தசை ஊடுருவியது என்று சொல்லப்பட்ட முதியவரின் குடும்பம், அறுவை மருத்துவரோடு நிறுத்திவிடாமல் கதிர்வீச்சு மருத்துவர் ஒருவரையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். இருவரிடமும் கேட்க வேண்டியவை: கட்டி முழுவதும் சுரண்டப்பட்டதா, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது, எத்தனை தவணை, திரும்பி வந்தால் அடுத்தது என்ன. இவற்றுக்கெல்லாம் முந்திய ஒரு கேள்வியை மட்டும் மருத்துவரிடம் அல்ல, நோயாளியிடம் கேட்க வேண்டும். உங்களுக்கு என்ன வேண்டும் என்று. பல வீடுகளில் அவரைத் தவிர மற்ற எல்லாரும் பேசி முடித்த பிறகே முடிவு அவர் காதுக்குப் போகிறது.